ரிமோட் வந்தாலும் சுவரில் சுவிட்ச் இருக்கட்டும்

கடந்த தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு முழுக்கத் துப்புரவு வேலை நடந்துகொண்டிருந்தது. அத்தான் ஏணியில் ஏறி, வரவேற்பறை மின்விசிறியின் இறக்கைகளில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறுவதற்கு முன் ரிமோட்டை எடுத்து விசிறியை நிறுத்தினார். பிறகு ரிமோட்டைச் சோபாவின் மீது போட்டார். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான்.

அக்காவின் பேத்திக்கு நான்கு வயது. சோபாவில் கிடந்த ரிமோட்டை எடுத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழலத் தொடங்கியது. இறக்கை ஒன்று அத்தானின் மணிக்கட்டில் மோத, அவர் பின்னால் சாய்ந்தார், ஏணி ஆடியது. படிவம் மூன்றில் படிக்கும் அக்காவின் மகன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதனால் விழாமல் தப்பினார். மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று.

எல்லாரும் குழந்தையைக் கடிந்துகொண்டார்கள். அவள் அழுதாள். என் மருமகன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, அப்பா விசிறிய அடைச்சிட்டுத்தானே ஏறினாரு? அப்புறம் எப்படி ஓடுச்சு?"

மாணவர்களே, நல்ல கேள்வி. விசிறி நின்றிருந்தது உண்மை. ஆனால், அது மின்சாரத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததா? இல்லை. நிற்பது வேறு, துண்டிக்கப்படுவது வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறந்துகொண்டு வருகிறோம் என்பதே என் கவலை.

நான் அந்த அறையின் சுவரைப் பார்த்தேன். முன்பு விசிறியின் ரெகுலேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளை மூடித்தகடு இருந்தது. விளக்குடன் கூடிய புதிய விசிறியும் ரிமோட்டும் பொருத்த வந்தவர், "இனிமே ரிமோட்தானே, இது எதுக்கு?" என்று சொல்லி ரெகுலேட்டரைக் கழற்றி, பின்னால் இருந்த இரண்டு வயர்களையும் ஒன்றாக இணைத்து மூடிவிட்டாராம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், அந்த விசிறிக்கு வீட்டில் சுவிட்சே இல்லாமல் போய்விட்டது.

ரிமோட் ஏன் நல்லது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரிமோட்டுக்கு எதிரி அல்லன். விளக்குடன் கூடிய விசிறிக்கு ரிமோட் பொருத்துவது சோம்பேறிகளின் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு நல்ல காரணம் ஒன்று இருக்கிறது.

பழைய தாமான் வீடுகளில் விசிறி மாட்டும் இடத்துக்குப் பெரும்பாலும் சுவரிலிருந்து ஒரே ஒரு லைவ் வயர்தான் போகும். வெறும் விசிறிக்கு அது போதும். விசிறியோடு விளக்கும் வந்தால் என்ன ஆகும்? இரண்டையும் தனித்தனியாக இயக்க இரண்டு லைவ் வயர்கள் வேண்டும். இல்லாவிட்டால் விசிறி ஓடும்போதெல்லாம் விளக்கும் எரியும், தூங்கவே முடியாது. புதிய வயர் இழுக்கச் சுவரைக் கொத்த வேண்டும், சாயம் பூச வேண்டும், செலவும் கூடும்.

ரிமோட் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்க்கிறது. விசிறியின் தண்டு கூரையோடு சேரும் இடத்தில் கிண்ணம் போன்ற மூடி ஒன்று இருக்கும். அதற்குள் ரிசீவர் என்னும் சிறிய பெட்டியை வைக்கிறார்கள். கூரையிலிருந்து வரும் லைவ், நியூட்ரல் இரண்டும் அதற்குள் நுழைகின்றன. மறுபக்கம் மோட்டாருக்கு ஒரு வயரும் விளக்குக்கு ஒரு வயரும் தனித்தனியாக வெளியே வருகின்றன. நியூட்ரல் இரண்டுக்கும் பொது. எர்த் வயர் ரிசீவரைத் தொடாமல் நேராக விசிறியின் உலோக உடலுக்குப் போகிறது. ஒரு லைவ் இரண்டாகப் பிரிந்தது; சுவரைக் கொத்தவில்லை. நல்ல பொறியியல் என்றே இதைச் சொல்லுவேன்.

படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் ரிமோட் பெரிய விடுதலை. இதை மறுப்பவர்கள் அவர்கள் வீட்டில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும்.

பழைய ரெகுலேட்டரை ஏன் எடுக்கிறார்கள்?

ரெகுலேட்டரை நீக்கியது தவறு அல்ல, நீக்கத்தான் வேண்டும். ரிசீவருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றுக்கு முழு 230 வோல்ட் தேவை. பழைய ரெகுலேட்டரை இரண்டிலோ மூன்றிலோ வைத்திருந்தால் ரிசீவருக்குப் போகும் மின்னழுத்தம் குறைந்துவிடும் அல்லது அதன் அலைவடிவம் சிதைந்துவிடும். ரிசீவர் குழம்பும், விளக்கு சிமிட்டும், மோட்டார் முனகும், சில மாதங்களில் ரிசீவரே பழுதாகலாம். ஒரே விசிறிக்கு இரண்டு வேகக் கட்டுப்பாடுகள் இருக்கக்கூடாது என்பது சரியான விதி.

பிரச்சினை அடுத்த படியில் இருக்கிறது. நம் நாட்டில் பல வீடுகளில் விசிறிக்குத் தனிச் சுவிட்ச் கிடையாது. ரெகுலேட்டரைத் திருப்பிப் பூச்சியத்தில் வைப்பதுதான் அணைப்பது. ஆக, அந்தத் திருகு இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது: வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஒன்று, மின்சாரத்தைத் துண்டிப்பது மற்றொன்று. முதல் வேலையை ரிமோட் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது வேலையை யார் செய்வது? அத்தான் வீட்டில் வேலை செய்தவர் இந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. ரெகுலேட்டர் இருந்த அதே இடத்தில் ஒரு சாதாரணச் சுவிட்சைப் பொருத்தியிருந்தால் போதும். அதன் விலை சில ரிங்கிட்தான்.

கேட்கக் காத்திருப்பது தூங்காது

"ரிமோட்டும் அணைக்கத்தானே செய்கிறது? சுவிட்சுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

பிரிட்டிஷார் ஆட்சியில் மலாயாவின் பெரிய பங்களாக்களில் மின்விசிறி வருவதற்கு முன்பு 'பங்கா' இருந்தது. கூரையிலிருந்து தொங்கும் அகலமான துணிவிசிறி அது. அதில் கட்டிய கயிற்றை வேலையாள் ஒருவர் தள்ளி உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். துரை தூங்குவார், கயிறு இழுப்பவர் தூங்க முடியாது. துரை "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும், "இழு" என்றால் இழுக்க வேண்டும். கட்டளைக்குக் காத்திருப்பவர் விழித்திருந்தே ஆக வேண்டும்.

ரிசீவரும் அப்படித்தான். நீங்கள் ரிமோட்டில் அணைத்தவுடன் மோட்டார் நிற்கிறது, விளக்கு அணைகிறது. ரிசீவர் மட்டும் அடுத்த கட்டளைக்காக விழித்திருக்கிறது. விழித்திருக்க அதற்கு மின்சாரம் வேண்டும். ஆகவே, உங்கள் தலைக்கு மேலே அந்த மூடிக்குள் 230 வோல்ட் இரவும் பகலும் காத்திருக்கிறது. ரிசீவர் விழித்திருக்க 1 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம்; ஆக, 8.76 கிலோவாட் மணி. 70 வாட் விசிறி ஒன்றை 125 மணி நேரம் ஓட்டலாம். பெரிய தொகை அல்ல. ஆனால், 'அணைந்திருக்கிறது' என்று நாம் சொல்வது முழு உண்மை அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

சுவர்ச் சுவிட்சை அணைத்தால் உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் விலகி, இடையில் காற்று இடைவெளி உண்டாகிறது. ரிசீவரில் பல வேளைகளில் மோட்டாரை நிறுத்துவது டிரையாக் எனப்படும் குறைகடத்தி. அது மூடிய நிலையிலும் மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். இரவில் அணைத்த எல்.இ.டி. விளக்கு பேய்போல மங்கலாக மின்னுவதற்கு இத்தகைய கசிவும் ஒரு காரணம். பழுதானால் டிரையாக் பெரும்பாலும் 'திறந்த' நிலையிலேயே, அதாவது மின்சாரத்தை விட்டுக்கொண்டே, நின்றுவிடும். சில ரிசீவர்களில் வேறொரு குணமும் உண்டு: வீட்டில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் விளக்கோ விசிறியோ தானாகவே இயங்கத் தொடங்கிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன்: ரிமோட் ஒரு கட்டளை, சுவிட்ச் ஒரு துண்டிப்பு. கட்டளையை இன்னொருவர் மாற்றலாம். நான்கு வயதுக் குழந்தைகூட மாற்றலாம்.

பக்கத்து வீட்டு ரிமோட்

குழந்தை மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் மாற்றலாம்! ரிமோட்டுகள் இரண்டு வகை. அகச்சிவப்புக் கதிரில் இயங்குவது ஒன்று. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 700 நானோமீட்டர் வரைதான். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட்டைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல கைப்பேசிகளில் ஊதா நிறப் புள்ளி ஒன்று சிமிட்டும். கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா காட்டிக்கொடுக்கும். இந்தக் கதிர் சுவரைத் தாண்டாது.

மற்றொரு வகை வானொலி அலையில் இயங்குவது. பல கருவிகள் 433 மெகாஹெர்ட்ஸ் அளவில் பேசுகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். இது சுவரைத் தாண்டும். அதனால் ரிமோட்டும் ரிசீவரும் தங்களுக்குள் ஓர் அடையாளக் குறியீடு வைத்துக்கொள்கின்றன. சில கருவிகளில் இதற்காக நான்கு குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை என்றால் மொத்தக் குறியீடுகள் எத்தனை? இரண்டின் நான்காம் அடுக்கு, அதாவது 16. நூறு குடும்பங்கள் வாழும் அடுக்குமாடியில் 16 குறியீடுகள் எந்த மூலைக்கு? அதிலும் பலர் தொழிற்சாலையில் வைத்த குறியீட்டை மாற்றுவதே இல்லை. மேல்மாடியில் ஒருவர் தம் விசிறியைப் போட, கீழ்மாடியில் உங்கள் விசிறி சுழல்வது நடக்கக்கூடியதே. அந்த நேரத்தில் உங்கள் அப்பா ஏணியில் நின்றிருந்தால்?

சாவி யார் பையில்?

நான் பல ஆண்டுகள் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்த்தவன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போகிறவர் முதலில் அதன் மின் இணைப்பைத் துண்டிப்பார். துண்டித்த இடத்தில் தம் சொந்தப் பூட்டைப் போடுவார். சாவியைத் தம் பையில் போட்டுக்கொள்வார். 'வேலை நடக்கிறது, தொடாதே' என்ற அட்டையைத் தொங்கவிடுவார். மூவர் வேலை செய்தால் மூன்று பூட்டுகள். மேலாளரே வந்தாலும் அடுத்தவர் பூட்டைத் திறக்கக்கூடாது.

இந்தப் பழக்கத்தின் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: ஆபத்தில் கை வைப்பவரிடமே கட்டுப்பாடும் இருக்க வேண்டும். அத்தானின் கை விசிறியில் இருந்தது. கட்டுப்பாடு சோபாவில் கிடந்தது. தவறு குழந்தையுடையது அல்ல.

வீட்டில் பூட்டு போட வேண்டியதில்லை. விசிறியைத் துடைக்க ஏறுமுன் சுவர்ச் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் இல்லாத வீட்டில் மின்பெட்டியில் அந்த அறைக்குரிய எம்.சி.பி.யை இறக்குங்கள். ரிமோட்டை ஏறுபவரின் சட்டைப்பைக்குள் போடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

"நாலு வயர்தானே!"

இணையத்தில் காணொளி பார்த்துவிட்டு, "நாலு வயர்தானே, நானே மாட்டிடுவேன்" என்று கிளம்பும் அண்ணன்களை எனக்குத் தெரியும். உங்களிலும் சிலர் இருப்பீர்கள். அந்த ஆர்வத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால், கணக்கைப் பாருங்கள்.

70 வாட் விசிறிக்கு 230 வோல்டில் எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? 70-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.3 ஆம்பியர். இப்போது மனித உடல். வியர்வையில் நனைந்த உடலின் மின்தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஓமின் விதிப்படி 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். விசிறியைச் சுழற்றும் அதே அளவு! இதயத்துடிப்பைக் குலைக்க இதில் ஒரு பகுதியே போதும். விசிறிக்கும் விளக்குக்குமான எம்.சி.பி. பொதுவாக 6 அல்லது 10 ஆம்பியர் அளவுடையது. 0.23 ஆம்பியரை அது ஆபத்தாகவே கருதாது. வயரைத் தீயிலிருந்து காப்பது அதன் வேலை. உங்களைக் காப்பது அன்று.

"ஆர்.சி.சி.பி. இருக்கிறதே?" என்பீர்கள். நிலத்துக்கு மின்சாரம் கசிந்தால் அது துண்டிக்கும். ஆனால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். மனிதரைக் காக்க ஏற்றது 30 மில்லியாம்பியர் அல்லது அதற்கும் குறைவானது. நம் நாட்டில் பல பழைய வீடுகளில் விசிறி, விளக்குச் சுற்றுகளைக் காவல் காப்பது 100 மில்லியாம்பியர் கருவி. மேலும் ஒரு கையில் லைவும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் நிலத்துக்கு எதுவும் கசியாது, எந்த ஆர்.சி.சி.பி.யாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நீங்களும் ஒரு மின்விளக்கைப் போலத்தான்.

அடுத்து வயரின் நிறம். இதுதான் காணொளிகளில் ஏமாறும் இடம். நம் பழைய வீடுகளின் கூரையில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் லைவ் மஞ்சளாகவோ நீலமாகவோகூட இருக்கலாம். வாங்கி வந்த ரிசீவரிலோ லைவ் பழுப்பு, நியூட்ரல் நீலம். ஆக, கூரையில் நீலம் லைவாக இருக்கலாம். ரிசீவரில் நீலம் நியூட்ரல். அமெரிக்க நிற முறையில் செய்த கருவி என்றால் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல்! 'நீலத்தோடு நீலம், கறுப்போடு கறுப்பு' என்று இணைப்பவரின் கதி என்ன?

இதனால்தான் நம் நாட்டின் மின்சார விதிகள் வீட்டு வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவர்களிடம் ஒப்படைக்கின்றன. தகுதியுள்ள வயர்மேன் வேலை செய்வதைத் தள்ளி நின்று பாருங்கள். முதலில் மின்பெட்டியில் துண்டிப்பார். சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து, கருவி வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்துவார். பிறகுதான் கூரை வயரைச் சோதிப்பார். நிறத்தை நம்பமாட்டார், அளந்து பார்த்ததைத்தான் நம்புவார். இணைப்புகளை இறுக்கி, விசிறியின் சுழலும் பகுதியில் எந்த வயரும் உரசாமல் ஒதுக்குவார். மூடியைத் திறந்த கையோடு, விசிறியைத் தாங்கும் கொக்கியையும் பாதுகாப்புக் கம்பியையும் பார்த்துவிடுவார். அவர் வாங்கும் கூலி நாலு வயரை முறுக்குவதற்கு அல்ல, இந்த ஒழுங்குக்கு.

அப்படியானால் உங்கள் வேலை என்ன?

"பிள்ளைகள் மின்சாரத்தின் பக்கமே போகக்கூடாது" என்று சொல்லும் பெரியவர்களோடும் நான் உடன்படவில்லை. தெரியாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது. வீட்டில் லைவ், நியூட்ரல், ஃபியூஸ் ஆகியவற்றை அண்மையில் படித்தவர் பெரும்பாலும் நீங்கள்தான். தேர்வுத்தாளில் மட்டும் அதை எழுதிவிட்டு மறப்பதற்கா படித்தீர்கள்? வயரைத் தொட வேண்டாம், கேள்வி கேளுங்கள். ரிமோட் வாங்குவதற்கு முன்பும் பொருத்தும்போதும் கேட்க வேண்டியவை இவை:

1. நம் விசிறி எந்த வகை மோட்டார்? சாதாரண ஏசி மோட்டாருக்கான பொது ரிசீவர், மின்சாரத்தைச் சேமிக்கும் டிசி மோட்டார் விசிறிக்குப் பொருந்தாது.

2. ரெகுலேட்டரை எடுத்த இடத்தில் சுவிட்ச் வருமா, வெறும் மூடித்தகடு வருமா? மூடித்தகடு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. விளக்கின் வாட், ரிசீவர் தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா? ரிமோட்டில் ஒளியைக் குறைக்கும் வசதி இருந்தால் அதற்கு ஏற்ற எல்.இ.டி. விளக்குதானா?

4. வாங்கும் பொருளில் சிரிம் முத்திரை உண்டா? விலை மலிவு என்பது மட்டும் காரணமாகாது.

5. எர்த் வயர் விசிறியின் உடலோடு இணைக்கப்பட்டதா? 'வயர் பத்தல, பரவாயில்ல' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

6. வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டால் விசிறி தானாக ஓடுகிறதா? ஓடினால் வீட்டில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றோடு ஒன்று: மின்பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். அழுத்தியும் அது விழாவிட்டால் உடனே வயர்மேனை அழைக்க வேண்டும்.

பாட்டியின் சுவிட்ச்

"இன்னும் சில ஆண்டுகளில் எல்லாமே கைப்பேசியிலும் குரலிலும் இயங்கும். சுவிட்ச் என்பது பழைய காலப் பொருள்" என்று சிலர் சொல்கிறார்கள். இயங்கட்டும். அப்போதும் யாரோ ஒருவர் விசிறியைத் துடைக்க ஏறுவார். அப்போதும் மின்கலம் தீரும், இணையம் அறுபடும். துண்டிப்பதற்கு ஓர் இடம் எந்தக் காலத்திலும் தேவை. நகரும் படிக்கட்டில் எத்தனை கணினிகள் இருந்தாலும், அவசரத்தில் நிறுத்தக் கைக்கு எட்டும் பொத்தான் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்களே, எதற்கு?

அத்தான் வீட்டில் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அத்தானின் அம்மாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. ரிமோட் வந்த நாளிலிருந்து அவர் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது வரவேற்பறை விளக்கைப் போடுவதே இல்லையாம். ரிமோட் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. கிடைத்தாலும் எந்தப் பொத்தான் என்று தெரியாது. யாரையும் எழுப்ப மனமில்லை. சுவரைத் தடவிக்கொண்டே இருட்டில் நடந்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக அவர் கை பழகிய இடத்தில் வெள்ளைத் தகடுதான் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. அன்று நான் சுவிட்சைப் பற்றிப் பேசியபோதுதான் மெல்லச் சொன்னார்.

தீபாவளிக்கு முன்பே பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தோம். தகட்டை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் பொருத்தினார். ரிசீவரின் அமைப்பையும் பார்த்து, சுவிட்சை அணைத்துப் போட்டால் விளக்கு எரியும்படி செய்துகொடுத்தார். அரை மணி நேர வேலை. ரிமோட்டும் இருக்கிறது, அத்தான் படுத்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கிறார். என் மருமகன் சுவிட்சுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறான்: 'ஏணியில் ஏறுமுன் இதை அடைக்கவும்.'

இன்று மாலை உங்கள் வீட்டு விசிறியை ரிமோட்டில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பாருங்கள். அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால், அது எது என்று வீட்டில் உள்ள எல்லாருக்கும் காட்டுங்கள். இல்லையென்றால், இந்தக் கட்டுரையை அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடுங்கள்.